மேற்படி, மேற்படி, மேற்படி

எங்கள் அப்பா பத்திர எழுத்தர். கோவில்பட்டிப் பக்கம் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் மேசை போட்டு, 40 வருடம் கிரயம், அடமானம், பாகப்பிரிவினை, உயில் என்று எழுதித் தள்ளியவர். இப்போது 74 வயது. கை நடுங்குகிறது, எழுத்து நடுங்குவதில்லை.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அவருக்குப் புரியவைக்கப் பத்துப் பதினொரு வருடமாக முயன்று தோற்றுக்கொண்டிருந்தேன். சொந்தக்காரர்கள் கேட்டால் "கம்ப்யூட்டர்ல கிருமி ஆராய்ச்சி" என்று சொல்லிவைப்பார். அவர்கள் அதை ஆன்டிவைரஸ் என்று புரிந்துகொண்டு, விசேஷ வீடுகளில் பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். நானும் கணிதம் படித்த பாவத்துக்கு ஒன்றிரண்டைச் சரிசெய்து கொடுத்திருக்கிறேன்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஒரு யோசனை வந்தது. பீரோவில் எங்கள் தாத்தாவும் அவருடைய இரண்டு தம்பிகளும் நிலத்தைப் பிரித்துக்கொண்ட பாகப்பிரிவினைப் பத்திரம் இருந்தது. அதில் சொத்து விவரம் வரும் பக்கத்தை மட்டும் நாலு ஜெராக்ஸ் எடுத்தேன். வரிகளை நீளவாக்கில் வெட்டி ஒன்றோடொன்று ஒட்டி, ஒவ்வொரு நகலையும் ஒரே நீளமான நாடாவாக்கினேன். பிறகு நாலு நாடாவையும் வெவ்வேறு இடத்தில் கண்டபடி துண்டாக்கினேன். துண்டுக்கு நாலைந்து சொல். எல்லாவற்றையும் ஒரு சுளகில் போட்டுக் குலுக்கி அப்பா முன்னால் வைத்தேன்.

"என்னலே இது, கிறுக்கா?"

"பழையபடி ஒரே பத்திரமா சேத்துக் குடுங்கப்பா. இதான் என் வேலை."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முதல் கால் மணி நேரம் ஜோராகப் போனது. ஒரு துண்டின் வால் இன்னொரு துண்டின் தலையோடு பொருந்தினால் மேலே மேலே வைத்து ஒட்ட வேண்டியதுதான். நாலு நகல் இருப்பதால் ஒன்றில் வெட்டுப்பட்ட இடம் இன்னொன்றில் முழுதாக இருக்கும். நகல் ஏன் நாலு என்று நான் சொல்லாமலே அவருக்கு விளங்கிவிட்டது.

அதன்பிறகு நின்றுவிட்டார். பத்திரம் எழுதியவர்களுக்குத் தெரியும், பாகப்பிரிவினையில் ஒவ்வொரு பங்குதாரர் பெயருக்குப் பிறகும் ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வரும். இன்னார் அடையும் சொத்தாவது, மேற்படி கிராமத்தில் மேற்படி புஞ்சையில் மேற்படி பொது வண்டிப்பாதை பாத்தியமும் மாமூல் நடைபாதை பாத்தியமும் சகிதம்... இப்படி நாலு வரி ஓடிய பிறகுதான் நிலத்தின் அளவும் சக்குபந்தி என்ற நான்கு பக்க எல்லையும் வரும். அந்தக் காலத்துப் பத்திரமாதலால் பாதி இடங்களில் மேற்படி என்றுகூட எழுதாமல் ௸ குறி போட்டிருந்தார்கள். மூன்று பங்கு, மூன்று முறை அதே நாலு வரி. என் துண்டுகளோ நாலைந்து சொல்தான்.

அப்பா கையில் இப்போது மூன்று மூன்றாக ஒரே மாதிரித் துண்டுகள். பெயர்கள் இந்தப் பக்கம், நிலங்கள் அந்தப் பக்கம், நடுவில் மேற்படி, மேற்படி, மேற்படி. எந்தப் பெயரிலிருந்து நுழைந்தாலும் அதே நாலு வரிக்குள் போய் எந்த நிலத்திலும் வெளியே வரலாம்.

அவர் ஒருவிதமாக ஒட்டி முடித்தார். நான் மூன்று இடத்தில் பிரித்து, நடுவிலிருந்த இரண்டு கண்டங்களை இடம் மாற்றி ஒட்டினேன். ஒவ்வொரு ஒட்டும் அதேபோலப் பொருந்தியது. ஒரு துண்டு மிச்சமில்லை, ஒரு துண்டு குறையவுமில்லை. வாசித்துப் பார்த்தார். தாத்தாவின் நிலம் கடைசித் தம்பிக்கும், நடுத்தம்பியின் நிலம் தாத்தாவுக்கும், கடைசித் தம்பியின் நிலம் நடுத்தம்பிக்கும் போயிருந்தது. எழுத்தில் ஒன்றுகூட மாறவில்லை. மூன்று பேர் நிலமும் மாறிவிட்டது.

"எங்கய்யா கிணத்த சின்னய்யாவுக்கு எழுதிட்டியேலே!"

நான் 11 வருடமாகச் சொல்ல நினைத்தது இதுதான்.

*

என் வேலையில் பத்திரம் என்பது ஒரு உயிரின் டிஎன்ஏ; ஏ, சி, ஜி, டி என்ற நாலே எழுத்தில் எழுதிய நீள வாசகம். அதை முதலெழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஒரே மூச்சில் வாசிக்கிற கருவி இன்றுவரை இல்லை. துண்டு துண்டாகத்தான் வாசிக்க முடியும். 1977-இல் சாங்கர் குழு வாசித்த ஃபை எக்ஸ் 174 என்ற வைரஸின் நீளம் 5,386 எழுத்து; அதைக் கையால் அடுக்கிவிடலாம். 1979-இல் கேம்பிரிட்ஜில் ராட்ஜர் ஸ்டேடன் அந்த வேலைக்குக் கணினி நிரல் எழுதினார். 1995-இல் ஹீமோபிலஸ் இன்ஃப்ளூயன்சா என்ற பாக்டீரியாவின் 18,30,137 எழுத்துகளையும் மொத்தமாகச் சிதறடித்து, கணினியை வைத்தே திரும்பக் கோத்தார்கள். மனிதனுக்கு 300 கோடிக்கு மேல். இன்று ஆய்வகங்களில் மலிவாகக் கிடைக்கும் கருவிகள் தரும் துண்டு 150 எழுத்து. ஒரு செங்கல்லைக் கொடுத்து மீனாட்சியம்மன் கோயிலைக் கட்டு என்கிற மாதிரி.

நகல் எத்தனை வேண்டும் என்ற கேள்வி சுலபமானது. 1988-இல் லேண்டரும் வாட்டர்மேனும் அதைத் தீர்த்துவிட்டார்கள். இரண்டு பேருமே கணிதத்திலிருந்து உயிரியலுக்கு வந்தவர்கள். துண்டுகள் மழைத்துளிபோலக் கண்டபடி விழுகின்றன. ஒவ்வொரு எழுத்தின்மேலும் சராசரியாகப் பத்துத் துண்டு விழும்படி வாசித்தால், ஒன்றுகூட விழாத எழுத்துகளின் பங்கு 2.718-ஐ மைனஸ் 10 அடுக்குக்கு உயர்த்தினால் வருவது. ஈ. கோலை பாக்டீரியாவின் 46 லட்சம் எழுத்தில் அது ஏறத்தாழ 210. இன்னும் கொஞ்சம் காசு செலவழித்து முப்பது மடங்கு வாசித்தால் அந்தக் கவலையே கிடையாது.

அடுத்தது அடுக்குவது. எல்லாத் துண்டுகளையும் உள்ளடக்கிய மிகக் குட்டையான வரிசை எது என்று கேட்பது கணினியியலில் பழைய கேள்வி. அதற்கு விரைவான வழி அநேகமாகக் கிடைக்காது என்று 1980-லேயே காட்டிவிட்டார்கள். மிக அதிகமாகப் பொருந்தும் இரண்டு துண்டை முதலில் ஒட்டு, பிறகு அடுத்தது என்று பேராசைக்காரன்போலப் போனால் கிடைக்கும் விடை, சரியான விடையைப்போல் இரு மடங்கைத் தாண்டாது என்று ஒரு யூகம் உண்டு. பார்த்தால் பள்ளிக்கூடக் கணக்கு மாதிரி இருக்கும். இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை. நான் ஒரு கோடை முழுக்க அதில் தலையைக் கொடுத்து, ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தீர்த்ததுதான் மிச்சம்.

கணக்கு அழகுதான். ஆனால் கேள்வியே தப்பு. குட்டையான விடை எதற்கு நமக்கு? பாகப்பிரிவினைப் பத்திரத்தைக் குட்டையாக எழுதச் சொன்னால் மூன்று முறை வரும் அந்த நாலு வரியை ஒரே முறையாக மடக்கிவிடுவான். மூன்று அண்ணன் தம்பிக்கும் சேர்த்து ஒரு வண்டிப்பாதை வாசகம். இயற்கை சிக்கனமாக எழுதுவதில்லை. மனித ஜீனோமில், அதாவது மனிதனின் மொத்த டிஎன்ஏ வாசகத்தில், ஆலு என்ற சுமார் 300 எழுத்து வாசகம் மட்டும் 10 லட்சம் முறைக்கு மேல் வருகிறது, மொத்த நீளத்தில் பத்தில் ஒரு பங்கு. உலகத்தில் எந்தப் பத்திர எழுத்தரும் இவ்வளவு மேற்படி போட்டதில்லை.

*

இந்த இடத்தில் தமிழ் ஐயாவை இழுக்க வேண்டியிருக்கிறது.

பத்தாம் வகுப்பில் செய்யுளை அலகிட்டு வாய்பாடு எழுதியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா, நிரை நிரை கருவிளம், நேர் நிரை கூவிளம். இதோடு இன்னொரு நேர் சேர்ந்தால் காய், நிரை சேர்ந்தால் கனி. ஆக மூவசைச் சீர் எட்டு. எட்டையும் தனித்தனியாக எழுதினால் 24 அசை வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று படியும்படி எழுதினால் பத்து அசை போதும்:

நேர் நேர் நேர் நிரை நேர் நிரை நிரை நிரை நேர் நேர்

இதில் மூன்று மூன்று அசையாக ஒவ்வோர் அசை நகர்ந்துகொண்டே வாசியுங்கள். தேமாங்காய், தேமாங்கனி, கூவிளங்காய், புளிமாங்கனி, கூவிளங்கனி, கருவிளங்கனி, கருவிளங்காய், புளிமாங்காய். எட்டும் வந்துவிட்டன, ஒன்றும் இரண்டு முறை வரவில்லை. சமஸ்கிருத யாப்பு படித்தவர்கள் இதே வித்தையை "யமாதாராஜபானசலகம்" என்ற பத்து அசைச் சூத்திரமாக மனப்பாடம் செய்வார்கள். குறில் நெடிலை அதில் மூன்று மூன்றாக வாசித்தால் எட்டு கணங்களும் கிடைக்கும்.

இப்போது ஒரு படம் போடுவோம். தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் என்று நாலு ஊர். எட்டு மூவசைச் சீரும் ஊர்களை இணைக்கும் ஒருவழிப்பாதைகள். கூவிளங்காய் என்பது கூவிளத்தில் புறப்பட்டுப் புளிமாவில் போய்ச் சேரும் பாதை. ஏனென்றால் நேர்-நிரை-நேர் என்பதில் முதல் இரண்டு அசை கூவிளம், கடைசி இரண்டு புளிமா. தேமாங்காய் தேமாவில் கிளம்பி, தெருவைச் சுற்றிவிட்டுத் தேமாவுக்கே வரும். நான் மேலே எழுதிய பத்து அசை, எட்டுப் பாதையையும் ஒவ்வொரு முறை மட்டும் நடந்து கிளம்பிய ஊருக்கே திரும்புகிற சுற்றுலா.

ஒவ்வொரு பாதையிலும் ஒரே முறை நடப்பது என்பது 1736-இல் ஆய்லர் போட்ட கணக்கு. கோனிக்ஸ்பெர்க் நகரத்தின் ஏழு பாலங்களையும் ஒவ்வொரு தடவை மட்டும் கடந்து வர முடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்று காரணத்தோடு சொன்னார். நம் ஒருவழிப்பாதைகளுக்கு அந்தக் காரணத்தை இப்படிச் சொல்லலாம். ஒவ்வொரு ஊரிலும் உள்ளே வரும் பாதைகளின் எண்ணிக்கையும் வெளியே போகும் பாதைகளின் எண்ணிக்கையும் சமமாக இருந்து, ஊர்களெல்லாம் ஒன்றோடொன்று இணைந்திருந்தால் சுற்று உண்டு. அந்தந்த ஊரில் நின்று எண்ணினாலே போதும். நகரம் எவ்வளவு பெரிதானாலும் கணினி சட்டென்று சொல்லிவிடும். இதையே ஒவ்வொரு ஊருக்கும் ஒரே முறை போய் வா என்று மாற்றிக் கேட்டால் கதை கந்தல். அதற்கு வேகமான வழி யாருக்கும் தெரியாது.

இந்தப் படத்துக்கு டி புரூய்ன் கிராஃப் என்று பெயர். 1946-இல் நெதர்லாந்தில் பிலிப்ஸ் நிறுவனத்திலிருந்த நிக்கோலாஸ் டி புரூய்ன், இப்படிப்பட்ட சுற்றுகள் எத்தனை என்று எண்ணினார். நேர் நிரை போல இரண்டே எழுத்தென்றால், மூன்றெழுத்துச் சீருக்கு 2 சுற்று, நாலெழுத்துக்கு 16, ஐந்தெழுத்துக்கு 2,048, ஆறெழுத்துக்கு 6,71,08,864. பிற்பாடுதான் தெரிந்தது, ஃபிளை செயின்ட்-மரி என்ற பிரெஞ்சுக்காரர் இதே எண்ணிக்கையை 1894-லேயே வெளியிட்டிருக்கிறார். 1975-இல் டி புரூய்னே அதை ஒப்புக்கொண்டு எழுதினார். பெயர் மட்டும் மாறவில்லை. பட்டா ஒருவர் பேரில், அனுபவம் இன்னொருவருக்கு என்று அப்பா சொல்வார்.

பாவெல் பெவ்ஸ்னர் 1989-இலும், இடூரியும் வாட்டர்மேனும் 1995-இலும், பிறகு பெவ்ஸ்னர், டாங், வாட்டர்மேன் மூவரும் 2001-இலும் இந்தப் படத்தை டிஎன்ஏவுக்குக் கொண்டுவந்தார்கள். துண்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிடவே வேண்டாம். ஒவ்வொரு துண்டையும் இன்னும் பொடியாக, 31 எழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வோர் எழுத்தாக நகர்ந்து நறுக்கு. ஒவ்வொரு 31 எழுத்தும் ஒரு பாதை. அதன் முதல் 30 எழுத்து புறப்படும் ஊர், கடைசி 30 சேரும் ஊர். துண்டுகளைச் சேர்க்க வேண்டியவன் இன்னும் சுக்குநூறாக்குகிறானே என்று முதலில் படித்தபோது சிரித்தேன். ஆனால் அப்படி நறுக்கியதும் ஒரே மாதிரி வாசகங்களெல்லாம் தாமாகவே ஒன்றின்மேல் ஒன்று போய் உட்கார்ந்துகொள்கின்றன. குழப்பம் எங்கே இருக்கிறது என்று படத்தைப் பார்த்தாலே தெரியும்.

அது ஏன் 31? நான் முதன்முதலில் சொந்தமாக எழுதிய நிரலில் 24 போட்டிருந்தேன். இரண்டு நாள் விசித்திரமான விடைகள். என் நெறியாளர் பின்னால் வந்து நின்று, திரையைக்கூடச் சரியாகப் பார்க்காமல், "ஒத்தையா ரெட்டையா?" என்று கேட்டார். புளியங்கொட்டையை மூடிய கைக்குள் வைத்துக்கொண்டு கேட்பார்களே, அதே தொனி. டிஎன்ஏ இரட்டை இழை. ஏ-க்கு எதிரே டி, சி-க்கு எதிரே ஜி. ஒரு துண்டு எந்த இழையிலிருந்து வந்தது என்று நமக்குத் தெரியாது; ஆகவே ஒவ்வொரு சொல்லையும் திருப்பிப் போட்டு, எதிரெழுத்துக்கு மாற்றி, இரண்டையும் ஒன்றாகவே கருத வேண்டும். இரட்டைப்படை நீளமென்றால் ஏடிஏடி மாதிரி, திருப்பிப் போட்டாலும் தானாகவே வரும் சொற்கள் உண்டு. அவை படத்தில் தன்னோடு தானே முட்டிக்கொள்ளும். ஒற்றைப்படையில் அது நடக்கவே நடக்காது, ஏனென்றால் நடு எழுத்து தனக்குத் தானே எதிரெழுத்தாக இருக்க வேண்டியிருக்கும். அப்படி ஓர் எழுத்து இல்லை. ஒரு வரி நிரூபணம். 24-ஐ அழித்துவிட்டு 25 போட்டேன். ஓடியது.

*

டி புரூய்ன் அதோடு நிற்கவில்லை. எந்தப் படத்திலும் எத்தனை ஆய்லர் சுற்று உண்டு என்று எண்ணும் ஒரு தேற்றம் அவரும், வான் ஆர்டென்-எரென்ஃபெஸ்ட் என்ற பெண் கணிதவியலாளரும், ஸ்மித்தும், டுட்டேயும் என்று நாலு பேர் உழைப்பில் உருவானது. நாலு பேர் முதலெழுத்தையும் கோத்து பெஸ்ட் தேற்றம் என்பார்கள். இந்த டுட்டே யார் என்றால், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், பிரிட்டன் எதிரியின் சங்கேதங்களை உடைத்த பிளெட்ச்லி பார்க்கில் உட்கார்ந்துகொண்டு, ஜெர்மானியரின் லாரன்ஸ் சங்கேத இயந்திரத்தைக் கண்ணாலேயே பார்க்காமல் அதன் உள்ளமைப்பைக் கண்டுபிடித்தவர்.

தேற்றம் என்னைப் போன்றவர்களுக்குச் சொல்லும் செய்தி கசப்பானது. ஈ. கோலையில் ரைபோசோம் ஆர்என்ஏவைத் தயாரிக்கும் சுமார் 5,000 எழுத்து வாசகம் ஏழு இடங்களில் அநேகமாக அச்சு அசலாக இருக்கிறது. கையிலிருக்கும் துண்டோ 150 எழுத்து. ஏழும் ஒரே திசையைப் பார்த்திருக்கின்றன என்று தாராளமாக வைத்துக்கொண்டால்கூட, இடையிலுள்ள ஏழு கண்டங்களை 720 விதமாக வட்டத்தில் அடுக்கலாம். 720-உம் துண்டுகளோடு முழுக்கப் பொருந்தும். அதிகம் வாசித்தாலும், பெரிய கணினி வாங்கினாலும், இன்னும் கெட்டிக்கார நிரல் எழுதினாலும் 720 என்பது 719 ஆகாது. விடையைப் பிரித்துக் காட்டும் செய்தி அந்தத் துண்டுகளுக்குள் இல்லவே இல்லை.

அதனால்தான் பாடப்புத்தகத்தில் படிக்கிற மாதிரி எந்த நிரலும் ஆய்லர் சுற்றை முழுதாக நடப்பதில்லை. முச்சந்தி வந்தால் அங்கேயே வெட்டிவிட்டு, அதுவரை கிளையில்லாமல் வந்ததை ஒரு கான்டிக் என்று கையில் கொடுத்துவிடும். ஐம்பதோ நூறோ கான்டிக். அவற்றின் வரிசை தெரியாது என்பதுதான் யோக்கியமான விடை.

எனக்கு அந்த யோக்கியம் வரக் கொஞ்சம் அடிபட வேண்டியிருந்தது.

ஆறேழு வருடம் முன்பு, அப்போதிருந்த ஆய்வகத்தில் மண்ணிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பாக்டீரியா. 97 கான்டிக் வந்தது. எனக்கோ அவமானமாக இருந்தது. எங்கள் தொழிலில் என்50 என்று ஓர் அளவு உண்டு. எவ்வளவு பெரிய துண்டுகளாகச் சேர்த்தாய் என்று கேட்கும், சரியாகச் சேர்த்தாயா என்று கேட்காது. பக்கத்து இருக்கைக்காரனின் என்50 என்னுடையதைவிடப் பெரிது. ஒரு சனி, ஞாயிறு உட்கார்ந்து, அதன் சொந்தக்கார பாக்டீரியா ஒன்றின் ஜீனோமைப் பார்த்துப் பார்த்து 97-ஐயும் கோத்து ஒரே வட்டமாக்கினேன். அழகான வட்டம். பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டினேன். ஜென்பேங்க் தரவுத்தளத்தில் பதிவும் செய்தேன். அண்ணன் வீட்டு வரைபடத்தை வைத்துத் தம்பி வீட்டைக் கட்டிவிட்டு, இதுதான் தம்பி வீடு என்று பதிவு செய்த கதை.

ஈர ஆய்வகத்தில், அதாவது கணினி இல்லாமல் குழாயும் திரவமுமாக வேலை நடக்கும் பக்கத்தில், ஓர் அக்கா இருந்தார். 20 வருடமாக பிசிஆர் (டிஎன்ஏவில் வேண்டிய பகுதியை மட்டும் ஏராளமாகப் படியெடுக்கும் முறை) போட்டுப் போட்டு, குழாயைக் கையிலெடுத்தாலே என்ன நடக்கும் என்று சொல்லக்கூடியவர். நான் ஒட்டிய ஒட்டுகளில் நாலை மட்டும் சோதித்துப் பார்ப்போம் என்றார். படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் குட்டி டிஎன்ஏ துண்டுக்கு பிரைமர் என்று பெயர். ஒட்டின் இந்தப் பக்கம் ஒரு பிரைமர், அந்தப் பக்கம் ஒரு பிரைமர். ஒட்டு நிஜமென்றால் நடுப்பகுதி பெருகி, ஜெல்லில் ஓடவிட்டுப் பார்க்கும்போது பட்டை விழும். மறுநாள் காலையில் கூப்பிட்டார். இருட்டறையில் ஜெல் ஒளிர்ந்துகொண்டிருந்தது. இரண்டு தடத்தில் பளிச்சென்று பட்டை. இரண்டு தடம் காலி.

"தம்பி, எனக்கு ரெண்டுதான் தெரியுது. உங்களுக்கு?"

எனக்கும் இரண்டுதான் தெரிந்தது. பிரைமர் சரியில்லை, வெப்பநிலை சரியில்லை என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அவர் வாதாடவே இல்லை. மத்தியானம் இன்னொரு முறை போட்டுக் காட்டினார். அதே இரண்டு, அதே காலி.

பிறகு நானோபோர் கருவியில் வாசித்தோம். அது 20,000, 30,000 எழுத்து நீளத் துண்டுகளைத் தரும். அப்போது எழுத்துப்பிழை நிறைய இருந்தது. ஆனால் 5,000 எழுத்து வாசகத்தை ஓடையைத் தாண்டுவதுபோல ஒரே எட்டில் தாண்டி, இக்கரையில் எது, அக்கரையில் எது என்று சொல்லிவிடும். நான் கோத்ததில் ஏறத்தாழ 8 லட்சம் எழுத்து கொண்ட ஒரு பகுதி தலைகீழாக இருந்தது. இரண்டு முனையிலும் அதே ரைபோசோம் வாசகம், ஒன்றையொன்று பார்த்தபடி. நடுவிலிருப்பதை அப்படியே திருப்பிப் போட்டாலும் 150 எழுத்துத் துண்டுகளுக்கு வித்தியாசமே தெரியாது. உயிருள்ள பாக்டீரியாக்களிலேயே இந்த வாசகங்களுக்கிடையில் இப்படித் திருப்பம் நடப்பதுண்டு. ஆகவே என்னுடையதும் நிஜத் திருப்பமாக இருக்கக் கூடாதா என்று ஒரு வாரம் நப்பாசையில் கழித்தேன். இல்லை. மாதிரியும் அதேதான், பாக்டீரியாவும் அதேதான். தப்பு என் ஞாயிற்றுக்கிழமையில்தான் இருந்தது.

சுவரிலிருந்த வட்டத்தைக் கிழிக்கவில்லை. பின்பக்கம் காலியாக இருந்ததால் ஒரு வருடம் கணக்குப் போடப் பயன்பட்டது.

*

பெரியவர்கள் கதையும் இதேதான், அளவுதான் வேறு. 1997-இல் வெபரும் மையர்ஸும் மனித ஜீனோமையும் மொத்தமாகச் சிதறடித்துக் கோக்கலாம் என்று எழுத, அது உருப்படாது என்று ஃபில் கிரீன் பதில் எழுதினார். 2000 ஜூனில் சான்டா குரூஸில் ஜிம் கென்ட் என்ற ஆராய்ச்சி மாணவர், மணிக்கட்டில் ஐஸ் வைத்துக்கொண்டு ஒரு மாதத்தில் நிரல் எழுதி, 100 பென்டியம் கணினிகளில் ஓட்டி, மனித ஜீனோம் பொதுத் திட்டத்தின் துண்டுகளை ஒட்டி முடித்தார். நாலே நாளில் வெள்ளை மாளிகையில் அறிவிப்பு. 2003-இல் முடிந்தது என்றார்கள். ஆனால் சுமார் 8 சதவீதம் வெற்றிடம். எல்லாம் மேற்படி வாசகங்கள்: குரோமோசோம் நடுக்கட்டுகளும், 13, 14, 15, 21, 22-ஆம் குரோமோசோம்களின் குட்டைக் கைகளும்.

அதை நிரப்ப 2022 வரை ஆனது. கேரன் மிகா, ஆடம் ஃபிலிப்பி முதலானோர் குழு அதற்கு எடுத்துக்கொண்ட செல் ஒரு முத்துப்பிள்ளைக் கர்ப்பத்திலிருந்து வந்தது. தாயின் பங்கே இல்லாமல் தகப்பன் பக்கத்துப் பிரதியே இரட்டித்து வளர்ந்த திசு அது. சாதாரணமாக நம் ஒவ்வொருவரிடமும் அம்மா பத்திரம் ஒன்று, அப்பா பத்திரம் ஒன்று என்று ஏறக்குறைய ஒரே மாதிரி இரண்டு இருப்பதால் குழப்பம் இரட்டிப்பாகும். இதில் இரண்டும் ஒன்றே. இந்த யோசனை யாருக்குத் தோன்றியதோ, அவருக்கு ஒரு சால்வை போர்த்த வேண்டும். 305 கோடி எழுத்து. புதிதாகச் சேர்ந்தது மட்டும் 20 கோடிக்குப் பக்கம். அப்போதும் ரைபோசோம் வாசகம் அடுக்கடுக்காக வரும் மிக நீளமான சில பகுதிகளின் உட்புறத்தை மாதிரி வரிசை போட்டுத்தான் நிரப்பினார்கள். அதைக் கட்டுரையிலேயே சொல்லியும் விட்டார்கள். எனக்கு அந்த வரியைப் படித்தபோது வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. என்னைக் கவிழ்த்த அதே வாசகம்!

*

சுளகுக்கு வருகிறேன். இரண்டு விதமாகவும் பொருந்துகிறதே, எது சரி என்று எப்படிச் சொல்வீர்கள் என்று அப்பாவிடம் கேட்டேன்.

"இந்தத் துண்டை வச்சு ஒருத்தனும் சொல்ல முடியாது. நான் சொல்வேன். அந்தக் கிணத்துல நான் குளிச்சிருக்கேன். தெக்கால கெடக்கு, எங்கய்யா பங்குல. காட்டுக்குப் போய்ப் பாக்காம எல்லை எழுதக் கூடாதுலே. நான் ஒரு நாளும் எழுதுனதில்ல."

பிறகு நான் தலைகீழாகப் பதிவு செய்த கதையைச் சொன்னேன். பிசிஆர் அக்காவைப் பற்றிச் சொன்னபோது, "அந்தப் பிள்ள நல்ல சர்வேயர்" என்றார். 8 லட்சம் எழுத்து திரும்பிக் கிடந்ததைச் சொன்னபோது முகம் மாறிவிட்டது. தொழில் முகம்.

"பதிஞ்சிட்டியா? அப்புறம்? பிழைத்திருத்தல் பத்திரம் போட்டியா இல்லியா?"

"போட்டாச்சுப்பா. பதிவு எண்ணுல புள்ளி ஒண்ணு போயி புள்ளி ரெண்டு. பழசும் அப்படியே இருக்கும், யாரு வேணாலும் எடுத்துப் பாக்கலாம்."

"பழசு இருக்கணும். அது அங்க இருந்தாத்தான் இதுக்கு மதிப்பு." துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு கவரில் போட்டுக்கொண்டே கேட்டார், "முத்திரைத்தாள் எவ்வளவு ஆச்சு?"

"ஒண்ணும் கெடையாதுப்பா. சும்மாதான்."

"சும்மாவா?" கவரை ஒட்டாமல் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அதான் பாக்காம எழுதுதீங்க."